இரண்டில் எழுந்தவன்

தணிகாசலம் விழுந்த செய்தி, அவனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே காசிமேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

செய்தியோடு காரணங்களும் வந்தன. அன்று மதியம் அவன் பிரியாணி சாப்பிட்டதுதான் தப்பு என்று மீன் ஏலம் விடுகிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். ரெஃப்ரி வெளியூர்க்காரர், அதனால்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றவர்களே அதிகம். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு பேர் பார்த்தால் படாமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். குத்துச்சண்டையில் ஒருவன் இன்னொருவனைக் குத்தி விழவைத்திருக்கலாம் என்கிற யோசனை மட்டும் யாருக்கும் வரவில்லை.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. தணிகாசலம் ஹெவிவெயிட். துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டு இறுக்குகிற வேலை. முப்பது வயதைத் தாண்டியும் ரிங்கில் ஒரு தடவைகூட அவன் முட்டி தரையில் பட்டதில்லை. போஸ்டரில் அவன் பெயரைச் ‘சாயாத தணிகை’ என்றுதான் போடுவார்கள். ரவுண்டு முடிந்து ஓய்வெடுக்க ஸ்டூல் போட்டால் அதைக் காலால் தள்ளிவிட்டு நின்றுகொண்டே இருப்பான். கூட்டம் விசிலடிக்கும். மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியாத அளவுக்கு விசிலடிக்கும்.

அன்றைக்குத் திடலில் போட்டிருந்த ரிங்கில் எதிரே வந்தவன் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிராஜ். அவனும் ஹெவிவெயிட்தான். ஆனால் பார்த்தால் ரேஷன் கடைக்கு மூட்டை இறக்க வந்தவன் மாதிரி இருப்பான். முதல் ரவுண்டிலேயே தணிகை விட்ட வலது கையில் அவன் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்க அவசரப்படவில்லை. ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு, ரெஃப்ரி விரல் விரித்து எண்ணுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் போதும். முன்னாலேயே எழுந்துவிட்டாலும், எட்டு வரைக்கும் எண்ணி முடித்துவிட்டுத்தான் ரெஃப்ரி சண்டையைத் தொடர விடுவார். அதுவரை முட்டியிலேயே இருந்தால் மூச்சும் கால்களும் திரும்பி வரும். ரிங்கில் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ஆனால் பார்க்க வருகிற கூட்டத்துக்கு முட்டி போட்டவன் முட்டி போட்டவன்தான். “வீட்டுப்பாடம் எழுதலயாடா?” என்று யாரோ கத்த, திடலே சிரித்தது. தணிகையும் சிரித்தான். கூட்டத்தைப் பார்த்து, முட்டி போட்டிருந்தவனைக் கிளவுஸால் சுட்டிக் காட்டவும் செய்தான்.

இசக்கிராஜ் ஏழில் எழுந்தான்.

இரண்டாவது ரவுண்டில் அவனுடைய இடது கை தணிகையின் விலாவுக்குக் கீழே இறங்கியது. அடுத்தது தாடையில் விழுந்தது. சாயாத தணிகை சாய்ந்தான். ரெஃப்ரி ஒன்று எண்ணினார். இரண்டு எண்ணும்போது தணிகை எழுந்து நின்றுவிட்டான். இரண்டு கைகளையும் தூக்கி நாலு பக்கமும் காட்டினான். திடலில் எழுந்த சத்தம் கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரெஃப்ரி எட்டு வரை எண்ணிவிட்டு விலகினார். அதற்குப் பிறகு வந்தது அப்படியொன்றும் பெரிய குத்து இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு நிற்பதற்குத் தணிகைக்குக் கால்கள் இல்லை. விழும்போது பின்மண்டை தரையில் மோதியது. பத்து எண்ணியதே அவனுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, பொங்கல் வரைக்கும் தலையில் ஒரு தட்டுகூடப் படக் கூடாது என்றார் டாக்டர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். கொண்டுவந்து பயனில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பிலோமினா மாஸ்டரின் பயிற்சிக்கூடம் ஒருகாலத்தில் ஐஸ் உடைக்கிற குடோன். இப்போதும் சுவரைத் தொட்டால் கை சில்லிட்டுப்போகும். நடுவில் ரிங், கூரைக் கம்பியிலிருந்து தொங்குகிற மூட்டைகள், ஒரு பக்கம் கம்பி போட்ட பெரிய ஜன்னல். மாஸ்டருக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே வயதிருக்கும். தணிகையின் மார்பு உயரம்தான் இருப்பார். மிகக் குறைந்த எடைப் பிரிவில் மாநிலத்துக்காக ரிங் ஏறியவர். இடது காது கேட்காது. யார் பேச வந்தாலும் வலது பக்கம் வரச் சொல்லுவார். தணிகைக்குக் கிளவுஸ் மாட்டிவிட்ட முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான்.

தணிகை உள்ளே வந்தபோது அவர் கைக்கட்டுத் துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

“தலைவலி கீதா?”

“இல்ல மாஸ்டர்.”

“தூங்குறியா?”

“தூங்குறேன்.”

“பொய் சொல்ற. கண்ணப் பாத்தாலே தெரிது.”

தணிகை அவருடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

“மாஸ்டர், நான் எதுல தோத்தேன்?”

“அதான் ஊரே சொல்லுதே.”

“ஊர் சொல்றது வேணாம். நீங்க சொல்லுங்க. எங்கிட்ட இன்னா கொறை?”

“நீ இன்னான்னு நெனைக்கிற?”

“வலது கை எறங்கிடுச்சி. அவன் உள்ள பூந்துட்டான்.”

“எல்லாருக்குந்தான் எறங்கும்.”

“வெயிட்டு ஏறிடுச்சி. மூச்சு வாங்கிச்சி.”

“அப்புறம்?”

“அவனுக்குக் கை நீளம்.”

“அப்புறம்?”

அப்புறம் அவனிடம் ஒன்றும் இல்லை. யோசித்து யோசித்து இரவெல்லாம் சேர்த்து வைத்தது அவ்வளவுதான்.

“நீ விழுந்தப்ப கார்னர்லேந்து நான் கத்தினேன்” என்றார் பிலோமினா. “எழுந்திரிக்காத, முட்டியிலயே இருன்னு கத்தினேன். கேட்டுதா?”

தணிகை தரையைப் பார்த்தான்.

“கேக்கல மாஸ்டர். சனங்க சத்தம் போட்டுக்கினு இருந்தாங்க.”

பிலோமினாவின் கை துணியைச் சுருட்டுவது கொஞ்சம் மெதுவானது.

“பொங்கலுக்கு அப்புறம் அவன்கூட திரும்ப ஃபைட் வெக்கிறாங்க” என்றான் தணிகை. “ஒத்துக்கினேன்.”

“யாரைக் கேட்டு ஒத்துக்கின?”

“எனக்கு வயசு ஆவுது மாஸ்டர். இத்த வுட்டா எனக்கு வேற ஃபைட் கெடையாது. கடைசியா விழுந்தவன்னே எம் பேரு நின்னு போயிடும்.”

“கார்னர்ல யார் நிப்பாங்க?”

“நீங்கதான். வேற யாரு?”

“நான் நிக்க மாட்டேன்.”

தணிகை தலை நிமிர்ந்தான். கார்னரில் ஆள் இல்லாதவனை ரிங்கில் ஏற்ற மாட்டார்கள். பத்து வருஷமாக அந்த மூலையில் பிலோமினாவைத் தவிர யாரும் அவனுக்காக நின்றதில்லை.

“ஏன் மாஸ்டர்?”

“பொணத்த ஏத்திக்கினு வர நான் எதுக்குடா? அதுக்கு வண்டி கீது.”

சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய் அலமாரியில் துணிகளை அடுக்கினார். அவ்வளவு பெரிய ஆள் அந்தப் பெஞ்சில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

“எங் கொறைய சொல்லுங்க. சரி பண்ணிக்கிறேன்.”

“சொன்னா சரியாவாது.”

“பின்ன எப்பிடி?”

“ஒடம்பு தேறட்டும். தேறினதும் சாயந்திரம் சாயந்திரம் வா. கிளவுஸ் வேணாம்.”

உடம்பு தேற ஐப்பசி மழை முடிய வேண்டியிருந்தது. மழை விட்ட அன்றைக்குத் தணிகை வந்தான். பிலோமினா அவனை ரிங்கில் ஏற்றி நடுவில் நிறுத்தினார். பிறகு ஹனீஃபைக் கூப்பிட்டார்.

ஹனீஃப் கறிக்கடையில் வேலை செய்கிறவன். எடையில் தணிகைக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பான். கிளவுஸ் மாட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி ஏறினான்.

“தணிகா, ரெண்டு கையும் தலைமேல வெச்சிக்க” என்றார் மாஸ்டர். பிறகு தணிகையின் வலது விலா முடிகிற இடத்துக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார். “ஹனீஃபு, இங்க. ஒண்ணே ஒண்ணு. தலையில பட்டுச்சி, ஒன்ன நான் சும்மா வுட மாட்டேன்.”

“மாஸ்டர், தணிகைணாவயா?”

“அவனத்தான்.”

“தப்பா நெனச்சிக்காதணா” என்று சொல்லிவிட்டு ஹனீஃப் குத்தினான்.

ஈரல் இருக்கிற இடம் அது. அங்கே குத்து விழுந்தால் உடனே வலிக்காது. ஒரு மூச்சு விட்ட பிறகு வலிக்கும். வலிக்கும்போது எப்பேர்ப்பட்ட உடம்பும் தானாக மடங்கும். தணிகை அந்த ஒரு மூச்சு நின்றான். பிறகு முட்டி மடங்கி உட்கார்ந்தான்.

“ஒண்ணு” என்றார் பிலோமினா. “ரெண்டு.”

தணிகை கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றான். முகம் கோணிப்போயிருந்தது.

“எழுந்துட்டேன் மாஸ்டர்.”

“பாத்தேன். போய்ட்டு நாளைக்கி வா.”

மறுநாளும் ஒரு குத்துதான். மறுநாளும் அவன் இரண்டில் எழுந்தான். மாஸ்டர் மறுபடியும் போகச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதேதான். மூட்டையில் குத்த விடவில்லை. ஸ்கிப்பிங் கயிறு தாண்ட விடவில்லை. ஒரு குத்து, ஒரு விழுதல், போய்ட்டு வா.

ஒல்லிப்பிச்சான் ஹனீஃப் தினமும் சாயாத தணிகையைச் சாய்க்கிறான் என்ற செய்தி பரவாமல் இருக்குமா? சாயந்திரமானால் ஐஸ் குடோன் ஜன்னலில் தலைகள் முளைத்தன. ஏலம் முடிந்து கூடையோடு திரும்புகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். வலை பின்னுகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். காசு கொடுக்காமல் பார்க்கிற வேடிக்கைக்கு நம் ஜனங்கள் என்றைக்குக் குறைவைத்தார்கள்!

“இவனா சாயாதவன்?”

“கண்டெய்னரு கட்றவன இப்ப கறிக்கடைக்காரன் கட்றான் பாரு!”

ஜன்னலில் ஆள் கூடக்கூடத் தணிகை சீக்கிரம் எழுந்தான். இரண்டில் எழுந்தவன் ஒன்றிலேயே எழுந்தான். ஒருநாள் விழுந்த வேகத்திலேயே எழுந்து நின்று, ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஜன்னல் கைதட்டியது. அப்படியே திரும்பியவன் ரிங்கின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான்.

ஹனீஃப் கிளவுஸைக் கழற்றினான்.

“மாஸ்டர், என்னால முடியாது. அண்ணன இப்பிடி அடிக்க எனக்குக் கை வரல.”

“அவன் சொல்லட்டும் போதும்னு.”

தணிகை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அன்றைக்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் வலி.

“எதுக்கு மாஸ்டர் இது? என்ன கத்துக் குடுக்குறீங்க? ஊரே நின்னு சிரிக்கிது! தோத்தவன இன்னும் எத்தினி நாளு கேவலப்படுத்துவீங்க?”

“மெதுவா பேசு.”

“பேச மாட்டேன்! ஒங்களுக்கு இன்னா தெரியும் அந்த வெக்கம்? அத்தினி பேரு முன்னால முட்டி போட்டுக்கினு கெடக்கறது இன்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?”

பிலோமினா தலையைச் சாய்த்தார்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது கேக்காது.”

தணிகை நகரவில்லை. ஜன்னலில் பேச்சு அடங்கிவிட்டது.

“ஏன் கேக்காதுன்னு என்னிக்காவது கேட்டியாடா?”

“இல்ல.”

“ரெண்டுல எழுந்திரிச்சேன்” என்றார் பிலோமினா.

தணிகை பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வழி விட்டவர்கள் யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. அவன் போன பிறகு பிலோமினா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ரிங்கின் ஓரத்தைத் தானே கழுவினார். ஹனீஃப் வாளியைக் கேட்டான். கொடுக்கவில்லை.

மறுநாள் தணிகை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவனைச் சேர்த்துக்கொள்ள வேறு பயிற்சிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. யானை கவுனியில் ஒருவர், வந்தால் மாலை போட்டு வரவேற்பதாகவே சொல்லி அனுப்பியிருந்தார். தணிகை அங்கே போய்விட்டான் என்று டீக்கடையில் முடிவு செய்துவிட்டார்கள். பிலோமினாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவர் முகமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்து கூடத்தைத் திறந்தபோது, தணிகை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“ஹனீஃப வரச் சொல்லுங்க” என்றான்.

ஹனீஃப் வந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னலில் இடமே இல்லை. தணிகை ரிங்கின் நடுவில் நின்று, யாரும் சொல்லாமலே கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

“நல்லா குத்துடா” என்றான் ஹனீஃபிடம். “பயப்படாத.”

ஹனீஃப் கண்ணை மூடிக்கொண்டுதான் குத்தினான். ஆனாலும் இடம் தப்பவில்லை. ஒரு மூச்சு. தணிகையின் முட்டி தரையில் பட்டது.

“ஒண்ணு.”

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். தணிகையின் ஊன்றிய கால் துடித்தது. தொடை இறுகியது. உடம்பு எழுந்திருக்கப் பார்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

“ரெண்டு.”

அவன் கை கயிற்றைத் தேடிப் போனது. கயிறு வரை போய், பிடிக்காமல் திரும்பி வந்து தரையில் ஊன்றிக்கொண்டது.

“மூணு.”

இத்தனை நாளில் மாஸ்டர் வாயிலிருந்து மூன்று வந்ததை யாரும் கேட்டதில்லை. ஹனீஃப் கண்ணைத் திறந்து பார்த்தான்.

“எழுந்திரி தணிகா!” என்றது ஜன்னல். “டேய், எழுந்திரிடா! இன்னாடா ஆச்சு ஒனக்கு?”

“நாலு.”

தணிகை தலை குனிந்தே இருந்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவன் வாழ்நாளில் அதைவிட நீண்ட நேரம் ஒன்று இருந்திருக்காது. ரிங்கில் விழுந்து கிடப்பதைவிட, விழுந்தது தெரிகிற மாதிரி இருப்பது கஷ்டம். அதை நான் எழுதி யாருக்கும் புரியவைக்க முடியாது. பத்துப் பேர் பார்க்க வழுக்கி விழுந்தவர்கள் உடனே எழுந்து அடிபடாதவர்கள் போல நடப்பார்களே, அவர்களுக்குத் தெரியும்.

“அஞ்சி.”

மூச்சு திரும்பி வந்தது. முதலில் பாதி மூச்சு, பிறகு முழு மூச்சு.

“ஆறு.”

அவன் அழுதுகொண்டிருந்தான். வலியினால் இல்லை. வலி அப்போது குறைய ஆரம்பித்திருந்தது.

“ஏழு.”

தணிகை எழுந்து நின்றான். கயிற்றைப் பிடிக்கவில்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றிப் பார்த்தான். இரண்டு காலும் இருந்தன.

ஜன்னலில் கைதட்டல் இல்லை. வேடிக்கை சப்பென்று போய்விட்டதென்று சிலர் கிளம்பியே விட்டார்கள்.

“மாஸ்டர்” என்றான். “அன்னிக்குக் கேட்டுது.”

“இன்னாது?”

“நீங்க கத்தினது. எழுந்திரிக்காதன்னு சொன்னது. நல்லாவே கேட்டுது.”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினேதான் கேட்டீங்களா?”

பிலோமினா ரிங்கின் கயிற்றைத் தூக்கிப் பிடித்து அவன் வெளியே வர வழிவிட்டார்.

“நாளைக்கி கிளவுஸ் எடுத்துக்கினு வா” என்றார். “கார்னர்ல நான் நிக்கிறேன்.”

பொங்கல் கழிந்து அதே திடலில் சண்டை. ‘சாய்ந்த மலை நிமிருமா?’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் வார்த்தைக்குப் பஞ்சம் வராது.

ரிங்குக்கு ஏறும் முன்பு பிலோமினா தோளில் கிடந்த டவலை எடுத்து அவனிடம் காட்டினார்.

“விழுந்தா விழு. ஆனா ரெண்டுல எழுந்தன்னு வையி, இத்த உள்ள வீசிடுவேன். ஃபைட் அதோட முடிஞ்சிது. அப்புறம் என்ன மாஸ்டர்னு கூப்புடாத.”

“சரி மாஸ்டர்.”

“பயமா கீதா?”

“கீது.”

“நல்லது.”

முதல் ரவுண்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதித்து ஆடினார்கள். மணி அடித்ததும் தணிகை கார்னருக்கு வந்து, போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தான். திடல் ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் போனது. அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. “கெழவனாயிட்டான்டா” என்று ஒரு குரல் வந்தது. பிலோமினா அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார். அவன் கொப்பளித்துத் துப்பினான்.

இரண்டாவது ரவுண்டின் பாதியில் இசக்கிராஜின் இடது கை அதே இடத்தில் இறங்கியது. தணிகை விழுந்தான்.

ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். பிலோமினாவின் கையில் டவல் இறுகியது.

துறைமுகத்திலிருந்து அவனோடு வேலை செய்கிறவர்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். முதலில் கத்தியது அவர்கள்தான். “எழுந்திரிடா தணிகா! மானத்த வாங்காதடா!” ஒரு தண்ணீர்ப் பாக்கெட் பறந்து வந்து ரிங்கில் விழுந்து உடைந்தது. அவன் பெயரைச் சொல்லியே கத்தினார்கள். பழைய பெயரைச் சொல்லி. சாயாத தணிகை, சாயாத தணிகை என்று.

தணிகை ஒரு முட்டியில் இருந்தான். ரெஃப்ரியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று. நான்கு. இசக்கிராஜ் எதிர் மூலையில் நின்றபடி அவனுடைய கால்களையே கவனித்துக்கொண்டிருந்தான். ஐந்து. பின்வரிசையில் ஒரு கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. ஆறு. “தூ!” என்றான் லாரியில் வந்த ஒருவன்.

ஏழு. தணிகை எழுந்தான்.

பிலோமினாவின் கை தளர்ந்தது. டவலை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். அவர் உதடு அசைந்ததை, கார்னரில் பக்கத்தில் நின்ற ஹனீஃப் பார்த்தான். மாதாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இசக்கிராஜ் முடித்துவிடுகிற எண்ணத்தில்தான் வந்தான். வந்தவனைத் தணிகை பிடித்துக்கொண்டான், தள்ளினான், பின்வாங்கினான், கயிற்றோரமாகச் சுற்றினான். கால்கள் சொன்னபடி கேட்டன. மணி அடித்தது. போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மூன்றாவது ரவுண்டைப் பார்க்காமல் போனவர்கள் பிறகு நெடுநாள் வருத்தப்பட்டார்கள். தணிகை அப்படி அதற்கு முன் ஆடியதில்லை. இசக்கிராஜின் புருவம் கிழிந்தது. தணிகையின் உதடு வெடித்தது. கடைசி மணி அடித்தபோது விழாமல் இருப்பதற்காக இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

ரெஃப்ரி இருவரையும் நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்தார். தீர்ப்பு வாசிக்கிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தணிகை கண்ணை மூடிக்கொண்டான்.

ரெஃப்ரி இசக்கிராஜின் கையைத் தூக்கினார்.

கூட்டம் பாதி கத்தியது, பாதி கைதட்டியது. இசக்கிராஜ் வந்து தணிகையைக் கட்டிக்கொண்டான்.

“யண்ணே, போன வாட்டி மாதிரி விழுந்தவொடன எந்திச்சிருவியன்னுல்லா காத்துக் கெடந்தேன்” என்றான் காதோரமாக. “ஏமாத்திப்புட்டியளே!”

தணிகைக்குச் சிரிப்பு வந்தது. உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு குழாயடி இருந்தது. லாரியில் வந்தவர்கள் அவனுக்காகக் காத்திருக்காமல் போய்விட்டார்கள். தணிகை குழாய்க்குப் பக்கத்துச் சிமென்டுத் திட்டில் உட்கார்ந்து கைகளை நீட்டினான். பிலோமினா எதிரில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்தார். துணியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக உரித்தார்.

உரித்த துணியைக் குழாயில் அலசிப் பிழிந்து திட்டில் வைத்தார்.

“தோத்துட்டேன் மாஸ்டர்.”

“ஆமா.”

“இவ்ளோ பண்ணியும்...” அவன் குரல் உடைந்தது. “ரெண்டாவது வாட்டியும் இவன்கிட்டயே தோத்துட்டேனே.”

பிலோமினா நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“ரெண்டாவது வாட்டியா?” என்றார். “இவன்கிட்ட நீ தோத்தது இன்னிக்கிதான்டா.”